மலைமேல் ஒரு மீன்பிடிப் படகு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கோத்தகிரியில் படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. கடல் எங்கே, 1,800 மீட்டர் உயரம் எங்கே. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குள் குளங்கள் இருக்கின்றன, குளங்களில் கெண்டை இருக்கிறது, கெண்டைக்குத் தூண்டில் போட ஒரு காலத்தில் துரைமார் படகும் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பங்களாவின் பின்புறம், வயிறு நிறைய மழைத்தண்ணீரும் பெரணிச் செடியுமாகக் கிடந்த 14 அடி மரப்படகுதான் என்னுடையது. விறகு விலைக்குக் கொடுத்தார்கள். தண்ணீரில் இறக்க மூன்று வருஷம் பிடித்தது. அதில் ஒரு முழு வருஷம், நான் செய்ததை நானே பிரித்த வருஷம்.

அந்த ஒரு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படகில் என்ன தெரிகிறதோ அதைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் படகில் தெரிவது எதுவோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இங்கே கதவு ஜன்னல் செய்யும் ஒரு ஆசாரி. சொந்த ஊர் குளச்சல் பக்கம், அப்பா வள்ளம் கட்டியவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். கீழே வரும் நல்ல யோசனைகள் அவருடையவை, தப்புகள் என்னுடையவை.

முதலில்: எதையும் வாங்காமல் ஒரு சனிக்கிழமை

பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னக் கொட்டாப்புளி, டார்ச், ஒரு காந்தம், நூல்கண்டு, இரண்டு நிறத்தில் சாக்பீஸ். இவ்வளவு போதும். படகைக் கழுவி, உள்ளே கிடக்கும் மண்ணையும் இலையையும் அள்ளிவிட்டு, முனையிலிருந்து முனைவரை ஒவ்வொரு சாணுக்கும் தட்டுங்கள். நல்ல மரம் ‘டொக்’ என்னும். கெட்ட மரம் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல ‘பொத்’ என்னும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். இறங்கினால் சிவப்பு சாக்பீஸ், இறங்காமல் சத்தம் மட்டும் மாறினால் வெள்ளை. ஆணிகள்மேல் காந்தத்தை ஓட்டுங்கள், ஒட்டுகிற ஆணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி.

நான்கு சொற்கள் தெரிந்திருந்தால் பேச்சு சுலபம். முன் முனை அணியம். பின் பக்கம் அமரம். அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு ஏரா. ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பாக ஏறுவது வங்கு.

அடுத்து, உங்கள் படகு எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கின்றனவா, அல்லது ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா? முட்டி நிற்கும் படகுக்கு இடுக்கில் பஞ்சு அடைப்பார்கள், அதற்குக் கலப்பத்து என்று பெயர். ஓடு மாதிரி ஏறி நிற்கும் படகுக்குக் கலப்பத்து கிடையாது. அதில் பஞ்சை அடித்தால் உளி போட்டுப் பிளந்த மாதிரிப் பலகைகள் விலகிவிடும். என்னுடையது இரண்டாவது வகை, தேக்குப் பலகை, செம்பு ஆணி. இது தெரியாமல்தான் முதல் தப்பு செய்தேன்.

எல்லாம் தட்டி முடித்த பிறகு தள்ளி நின்று பாருங்கள். ஏரா, அணிய மரம் இரண்டும் சிவப்பாகி, வங்கிலும் பலகையிலும் பாதிக்குமேல் சிவப்பாக இருந்தால், அதைச் சீர்செய்வதைவிட அதை அளவெடுத்து வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று கட்டுவது மலிவு. வருத்தமாக இருக்கும், சரி. ஆனால் அந்த வருத்தம் சனிக்கிழமையோடு போய்விடும்.

எல்லா இடுக்கிலும் தண்ணீர் வருகிறது, ஆனால் மரம் கெட்டியாக இருக்கிறது

இது பழுதே இல்லை. படகு காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கூரைக்குக் கீழே கிடந்த மரம் சுருங்கி, இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். தண்ணீர் குடித்தால் மறுபடி ஊதி மூடிக்கொள்ளும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிசைந்து ஒட்டும் பசையை வாங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன். கல்லாக இறுகியது. பார்க்க அழகாகவும் இருந்தது. படகைக் குளத்தில் இறக்கி மூன்றாம் நாள், உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பலகை ஊதுவதற்கு இடமில்லை, பசை விட்டுக்கொடுக்கவில்லை, ஆணிதான் விட்டுக்கொடுத்தது. ஒரே வரிசையில் ஏழு ஆணி தளர்ந்து, ஒரு வங்கு விரிந்தது. அந்தப் பசையை உளியால் சுரண்டி எடுக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

செய்ய வேண்டியது: படகைச் சமமான தாங்கலில் வைத்து, உள்ளே கோணிச்சாக்கு விரித்து, காலையும் மாலையும் நனைத்துக்கொண்டே இருங்கள். வெளிப்பக்கமும் சாக்குப் போர்த்தி நனைக்கலாம். நான்கைந்து நாளில் வித்தியாசம் தெரியும். அவசரப்பட்டு, தரையில் வைத்தபடி உள்ளே விளிம்புவரை தண்ணீர் நிரப்பாதீர்கள். குளத்தில் இருக்கும்போது வெளித்தண்ணீர் பலகையைத் தாங்கும். தரையில் தாங்க ஒன்றுமில்லை, ஒரு டன் தண்ணீர் உள்ளேயிருந்து தள்ளும். ஒரு சாண் ஆழத்துக்குமேல் வேண்டாம்.

விளிம்பு முட்டும் வகைப் படகாக இருந்தால், ஊறிய பிறகும் கசியும் இடுக்குகளில் மட்டும் பழைய பஞ்சை எடுத்துப் புதிது அடையுங்கள். அதையும் இறுக்கி அடிக்காதீர்கள், மரம் ஊதும்போது அதுவே இறுக்கிக்கொள்ளும். இறக்கிய அன்று சின்னக் கசிவுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: ஒரு முறம் நைசான மரத்தூளைப் படகின் அடிப்பக்கம் தண்ணீருக்குள் விடுவது. கசிகிற இடம் அதை உள்ளே இழுத்துத் தானே அடைத்துக்கொள்ளும்.

ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்குகிறது

உளுப்பு. இதில்தான் பெரும்பாலானவர்கள் தப்பான இடத்தைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் மிதக்கிற பொருள் அடியிலிருந்து கெடும் என்று நினைத்து அடிப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்போம். அண்ணாச்சி நேராக மேல் விளிம்புக்குப் போய், அணியத்தில் இரண்டு பக்கப் பலகையும் சேரும் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் நகம் முழுக்க உள்ளே போனது.

“தம்பி, படகு கீழேயிருந்து நனைஞ்சு கெடாது. மேலேயிருந்து நனைஞ்சுதான் கெடும்.”

காரணம் எளியது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பலகையில் காற்று குறைவு. மழையில் நனைந்து, பாதி காய்ந்து, மறுபடி நனையும் மூலைகளில் இரண்டும் கிடைக்கும். கடல்படகுக்காவது உப்பு கொஞ்சம் காவல், கடலில் மரத்தைத் துளைக்கும் புழுதான் எதிரி. நமக்கு அந்தப் புழு இல்லை, ஆனால் உப்பும் இல்லை. அத்தோடு கோத்தகிரி, குன்னூர்ப் பனிமூட்டத்தில் மழை இல்லாத நாளிலும் மரம் முழுதாகக் காய்வதில்லை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் 16 பக்கம் போய் நிற்கும், 90 என்றால் 20. இருபதைத் தாண்டினால் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி.

ஆகவே தேட வேண்டிய இடங்கள்: அணிய மூலை, அமரத்தின் இரண்டு மூலைகள், உட்காரும் பலகையின் முனைகள் பக்கப் பலகையைத் தொடும் இடம், மேல் விளிம்புச் சட்டத்தின் அடிப்பக்கம், வங்கின் கால் ஏராவில் சேரும் இடத்தில் குப்பை தேங்கும் பள்ளம்.

உளுத்த மரத்தின்மேல் எப்பாக்ஸியை (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்தால் இறுகும் பசை) இளக்கி ஊற்றினால் கல்லாகிவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். மேல்தோல் கல்லாகும், உள்ளே பூஞ்சை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கெட்டதை வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் கெடுதிக்கு அப்பால் நல்ல மரத்திலும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள், பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் ஓடியிருக்கும்.

புதுத் துண்டை நேராக முட்ட வைக்காமல் சாய்வாக இழைத்துச் சேர்க்க வேண்டும். எப்பாக்ஸியில் ஒட்டுவதானால் பலகைத் தடிமனுக்கு எட்டு மடங்கு நீளச் சாய்வு. 12 மில்லிமீட்டர் பலகைக்கு 96 மில்லிமீட்டர், 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று படிக்கட்டாக வைத்து, ஒரே தடவையில் இழைப்புளியை ஓட்டினால் இரண்டு சாய்வும் பொருந்தும். முதல் நாலைந்து ஒட்டு விறகுக்குத்தான் போகும். விறகாகும் மரத்திலேயே பழகுங்கள்.

எந்த மரம் வாங்குவது என்ற குழப்பம்

படகின் அறிகுறி இல்லை, படகுக்காரனின் அறிகுறி. சுற்றிலும் சில்வர் ஓக் நிற்கிறது, மலிவு, அழகான ரேகை. படகுக்கு வேண்டாம், ஈரத்தில் நிற்காது. யூகலிப்டஸ் கெட்டி, ஆனால் காயும்போது முறுக்கி வெடிக்கும். பலகைக்குத் தேக்கோ அயினியோ. ஒட்டுப்பலகை போடும் இடங்களில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை மட்டும், அதிலும் வெட்டிய விளிம்புகளை மூடாமல் விடாதீர்கள்.

சொந்தப் பட்டா நிலத்தில்தானே மரம் நிற்கிறது, வெட்டிக்கொள்வோம் என்று கிளம்பாதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் தோட்டத்து மரமானாலும் அனுமதி வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பில்லோடு வாங்கி வண்டியில் ஏற்றுவதுதான் நிம்மதி. மலையேறி வந்த மரத்தை உடனே பொருத்தாமல், இங்கத்திக் காற்றுக்குப் பழக, இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு மாதம் வையுங்கள்.

ஈரமானி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடை போடுங்கள். ஓவனில் 100 டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவிட்டு மறுபடி போடுங்கள். 118 கிராம் 100 ஆனால் ஈரம் 18 சதவீதம். எப்பாக்ஸி வேலைக்கு 12-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வீட்டில் கேக் வேகிற நாளில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆணியைச் சுற்றிக் கறுப்பு, பெயிண்டின்மேல் செம்பழுப்புக் கண்ணீர்

காந்தம் ஒட்டியிருக்கும். யாரோ ஒரு காலத்தில் செம்பு ஆணி கிடைக்காமல் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்து ஊதி, சுற்றியுள்ள மரத்தைக் கறுக்க வைத்து நாரையே தின்றுவிடும். அங்கே புது ஆணி அடித்தால் பிடிக்காது. ஓட்டையைக் கறுப்பு போகும்வரை பெரிதாக்கி, அதே மரத்தில் அடைப்புக் கட்டை செய்து ஒட்டி, பக்கத்தில் தள்ளிப் புது ஓட்டை போடுங்கள்.

துருப்பிடிக்காத ஸ்டீல் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் 304 ரகம். காற்றில் அது பளபளக்கும். ஈர மரத்துக்குள், காற்றுப் புகாத இடத்தில், அதுவும் அரிக்கும். 316 கேட்டு வாங்குங்கள். பித்தளைத் திருகாணி வேண்டவே வேண்டாம். நாளடைவில் அதிலிருக்கும் துத்தநாகம் வெளியேறி, திருப்பினால் பிஸ்கட் மாதிரி உடையும்.

செம்பு ஆணியில் பச்சை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பலகையை அழுத்தும்போது ஆணியைச் சுற்றி நீர்க்குமிழி வந்தால் அது தளர்ந்திருக்கிறது. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் ஆணித்தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர், ஆணியின் உள்முனையில் கோத்திருக்கும் செம்பு வட்டின்மேல் பரவிய முனையைக் குண்டுத்தலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். வேகம் கூடாது. ஓங்கி ஒன்று அடித்தால் ஆணி பலகைக்கு நடுவில் வளைந்துபோகும், வெளியில் தெரியாது. தட்டுச் செம்பைத் தட்டுகிறவர் மாதிரி, சுற்றிச் சுற்றி இருபது சின்ன அடி. சத்தம் மந்தமாக ஆரம்பித்து, இறுகியதும் மணி மாதிரி மாறும். வெளியே இரும்பைப் பிடித்திருந்த என் மனைவிக்கு அந்த மாற்றம் எனக்கு முன்னால் கையிலேயே தெரிந்துவிடும். “போதும், இறுகிடுச்சு” என்பாள். நான் இன்னும் இரண்டு தட்டு தட்டிய ஆணிகளில்தான் வட்டு பிளந்தது.

வங்கு வளைவில் வெடித்திருக்கிறது

வளைவு அதிகமான இடத்தில், படகின் இடுப்பில்தான் வெடிக்கும். ஒன்றிரண்டு என்றால் பழையதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒட்டி இன்னொரு வங்கு வைக்கலாம். வரிசையாக ஐந்தாறு வெடித்திருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றினால் படகு தன் வடிவத்தை மறந்துவிடும்.

புது வங்கை ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் நான் வேகவைத்த முதல் மூன்று சட்டமும் முழங்காலில் வைத்ததும் ‘படார்’. மரம் சரியில்லை என்று மரக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று இரவு குக்கர் கெட்டுப்போய்ச் சட்டியில் பருப்பு வேகவைத்தபோதுதான் புத்தி வந்தது. நம் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 93, 94-லேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேக நேரம் ஆவது எதனாலோ, மரம் வேக நேரம் ஆவதும் அதனாலேயேதான். ஒன்றரை மடங்கு நேரம் வைத்தேன், ஆவிப்பெட்டியைச் சுற்றிப் பழைய கம்பளி சுற்றினேன், வளைந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

சூளையில் உலர்த்திய மரம் எவ்வளவு வேகவைத்தாலும் முரண்டு பிடிக்கும். காற்றில் உலர்ந்த, ரேகை நேராக ஓடும் சட்டம் வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தால் அரை நிமிஷத்துக்குள் இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் வெறும் கையோடு ஒரு தடவை ஒத்திகை பாருங்கள்: யார் எங்கே நிற்பது, கிளாம்ப் எங்கே, கையுறை யாரிடம். எங்கள் வீட்டில் இது தேர் இழுக்கிற மாதிரி இருக்கும், ஆளாளுக்குக் கத்துவோம்.

படகு கோணலாக நிற்கிறது

அணியத்திலிருந்து அமரம்வரை நடுவில் நூல் கட்டி, ஏரா அதற்குக் கீழே நேராக ஓடுகிறதா பாருங்கள். பக்கத்திலிருந்தும் பாருங்கள். இரண்டு முனையும் தொங்கி நடு முதுகு தூக்கியிருந்தால், பல வருஷம் நடுவில் மட்டும் கல் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முனைகளுக்கு அடியில் ஆப்பு கொடுத்து வாரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் தூக்குங்கள். ஒரே நாளில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் வேறு எங்காவது வெடிக்கும். மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இது முடிய வேண்டும், கோணலாக இருக்கும்போது வங்கு மாற்றினால் கோணலே நிரந்தரமாகிவிடும்.

எப்பாக்ஸி காயவில்லை, பிசுபிசுக்கிறது, வெளுக்கிறது

மலையில் படகு வேலை செய்பவர்கள் அதிகம் அவதிப்படுவது இதில்தான். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டப்பாவைத் திறந்ததும் ரெசின் தெளிவாக இல்லாமல் பழைய தேன் மாதிரி உறைந்து, வெள்ளைக் குருணையாக இருக்கிறதா? கெட்டுப்போகவில்லை. குளிரில் உறைந்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி, 50 டிகிரி அளவு சுடுதண்ணீரில் டப்பாவை நிற்க வையுங்கள், தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். குருணை முழுதாகக் கரைந்து தெளிந்த பிறகே கலக்க வேண்டும். நான் முதல் டப்பாவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டு வந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்கக் கோயம்புத்தூர் போனேன்.

மறுநாளும் மேலே ஒட்டுகிறதா? இரண்டு காரணம். ஒன்று குளிர். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சமவெளிக்காரர்களுக்கு மெதுவான ஹார்டனர் வேண்டும், நமக்கு வேகமானது. ஜனவரியில் இரவு உறைபனி விழும் இடங்களில் வேகமானதும் தூங்கிவிடும். இன்னொன்று அளவுத் தப்பு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றுவோம். பாலியெஸ்டர் ரெசினில் பழகிய கை அது. அதில் இறுக வைக்கும் ஊக்கி கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். எப்பாக்ஸியில் அப்படியில்லை, கூடுதல் ஹார்டனர் இறுகாமல் உள்ளேயே நின்று ஜென்மத்துக்கும் ரப்பராக இருக்கும். அப்படி ஆகிவிட்டால் சுரண்டி எடுப்பது தவிர வழியில்லை. தராசு வைத்துக் கலக்குங்கள், அளவு எடைப்படியா கன அளவுப்படியா என்று டப்பாவில் பாருங்கள்.

இறுகியிருக்கிறது, ஆனால் மேலே மெழுகு தேய்த்ததுபோல வழுவழுப்பு. பனிமூட்டத்தின் வேலை. இதன்மேல் அப்படியே அடுத்த பூச்சு அடித்தால் தோலாக உரியும். உப்புத்தாள் போட்டாலும் மெழுகு தாளில் அப்பி உள்ளேதான் போகும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், கழுவித் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் தேயுங்கள்.

ஊசிமுனைக் குமிழிகளா? காலையில் பூசியிருப்பீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். மதியத்துக்குமேல், வெப்பம் இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில் பூசினால் காற்று உள்ளே சுருங்கும், ரெசினையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் நாலு மணிக்கு மூட்டம் வந்துவிடுமே? அதற்குத்தான் கூடாரம். படகின்மேல் தார்ப்பாய் போட்டு, உள்ளே மின்சார ஹீட்டரோ பழைய 200 வாட் பல்புகளோ வைத்து ராத்திரி முழுக்க 18, 20 டிகிரி காக்கலாம்.

கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். மூடிய அறையில் கரிக்கணப்பு வைத்துத் தூங்கி எழாமலே போனவர்களின் கதை மலையில் எல்லோருக்கும் தெரியும். கூடாரமும் மூடிய அறைதான்.

வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துவிட்டது

பனி இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். தட்டு மங்கினால் பிரஷை வைத்துவிடலாம். காலை பத்துக்கு முன்னும் மதியம் இரண்டுக்குப் பின்னும் வார்னிஷ் தொடாதீர்கள்.

பழைய பெயிண்டை நெருப்பு வைத்தும் காய்ந்தபடியும் உரிக்காதீர்கள், பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். எண்ணெய் டப்பாவை வீட்டுக்குள் பூட்டி வையுங்கள். கோத்தகிரியில் கரடிகள் கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்கே கதவை உடைப்பவை. வங்குக்கு மீனெண்ணெய் பூசிய அன்று ராத்திரி எங்கள் கொட்டகைத் தகரம் ஒன்று உரிந்து கிடந்தது. படகுக்கு ஒன்றுமில்லை, அணியத்தில் நாலு நகக்கீறல். அதை மட்டும் பட்டி பார்க்காமல் அப்படியே விட்டு வார்னிஷ் அடித்தேன்.

“ஒரேயடியாக ஃபைபர் போர்த்திவிட்டால் என்ன?”

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. புதிதாக, காய்ந்த ஒட்டுப்பலகையில் கட்டிய படகுக்கு எப்பாக்ஸியும் கண்ணாடித் துணியும் நல்ல சட்டை. பலகை பலகையாகக் கட்டிய பழைய படகுக்கு அது பிணத்துணி. பலகைகள் நனைந்தும் காய்ந்தும் அசையும், மேலே போர்த்தியது அசையாது. ஏதாவது ஒரு மூலையில் உரிந்து, தண்ணீர் உள்ளே போய், வெளியே வரமுடியாமல் நிற்கும். இரண்டு மழைக்காலத்தில் ஃபைபர் மட்டும் இருக்கும், உள்ளே மரம் இருக்காது. மலிவு என்று பாலியெஸ்டர் ரெசினில் செய்தால் இன்னும் சீக்கிரம், அது மரத்தில் சரியாக ஒட்டவே ஒட்டாது. அதன் ஊக்கியையும், வேகம் கூட்டச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வேலை பாதியில் நிற்கிறது, வருஷம் ஓடுகிறது

நாட்காட்டி தப்பு. எனக்கு லீவு கிடைத்த மாதத்திலெல்லாம் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பிரிப்பது, அளப்பது, ஆணி வேலை, ஆவியில் வளைப்பது. ஜனவரியில் மரம் உலரட்டும். பிப்ரவரி இரண்டாம் பாதியிலிருந்து ஏப்ரல்வரை ஒட்டும் பூச்சும். ஊட்டியின் மேற்குப் பக்கம், கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது, ஜூனுக்குள் எல்லாம் மூடியாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் விட்டுவிடுங்கள், அடுத்த பிப்ரவரி வரும்.

எங்கே இறக்குவது என்பதையும் முதல் வருஷமே கேட்டு வையுங்கள். எமரால்டு, அவலாஞ்சி மாதிரியான அணைகள் மின்வாரியத்துடையவை, சுற்றிலும் வனத்துறை. நம் படகைக் கொண்டுபோய்த் தள்ள முடியாது. தோட்டக் குளம் என்றால் தோட்டக்காரர் எழுத்தில் தரும் சம்மதம் போதும். லைஃப் ஜாக்கெட் எவ்வளவு சின்னக் குளத்துக்கும் வேண்டும், இந்தத் தண்ணீரின் குளிரில் நீச்சல் தெரிந்தவனுக்கும் கை மரத்துவிடும்.

இறக்கிய பிறகும் கசிகிறது

முதல் நாள் கசியும். ஆழமில்லாத கரையில் கட்டி வைத்து, வாளியோடு உட்காருங்கள். இரண்டாம் நாள் குறையும். நான்காம் நாளும் ஒரு வாளிக்குமேல் வந்தால் கரையேற்றி, ஏராவை ஒட்டிய முதல் பலகையின் ஓரத்தையும் அமரத்தில் இருக்கும் வடிகால் அடைப்பானையும் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. தேடுவதற்கு எளிய வழி, கரையில் வைத்து உள்ளே நாலு விரல் தண்ணீர் ஊற்றி, வெளியே காய்ந்த சாக்பீஸ் பொடி பூசிவிட்டு, எந்த இடம் முதலில் கறுக்கிறது என்று பார்ப்பது.

எங்களுடையது இப்போது வாரத்துக்கு அரை வாளி. அடைப்பான் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும். அதற்கென்று ஒரு பெயிண்ட் டப்பாவைச் சாய்வாக வெட்டி, விளிம்பை மடித்து, உட்காரும் பலகைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி வந்தால் முதலில் அதை எடுத்து இறைத்துவிட்டுத்தான் தூண்டிலைத் தொடுவார்.